மைனஸ் பக்கம் எழுதாத கிரைண்டிங்காரர்கள்

கிரைண்டிங் மெஷினில் வேலை பார்க்கிறவர் முடிவெட்டப் போனால் என்ன சொல்வார் தெரியுமா? "கொஞ்சம் பிளஸ்லயே வைப்பா" என்பார். ஓசூரில் எங்கள் தொழிற்பேட்டைக்கு எதிரே இருந்த சலூன்காரருக்கு இது பழகிப்போயிருந்தது. முடி அதிகமாக இருந்தால் இன்னொரு தடவை உட்கார்ந்து குறைத்துக்கொள்ளலாம். குறைந்துபோனால் ஒட்டவைக்க முடியுமா? பேன்ட் தைக்கக் கொடுத்தாலும் இதே பேச்சுதான். "நீளம் பிளஸ்ல இருக்கட்டும் மாஸ்டர்."

பிள்ளைகளே, உங்கள் கணக்குப் புத்தகத்தில் மட்டு மதிப்புச் சமன்பாடு என்று ஒரு பாடம் வரும். x-க்கு இரண்டு பக்கமும் இரண்டு குச்சி நிற்கும். கணக்குப் போட்டால் ஒரு விடைக்குப் பதில் இரண்டு விடை வந்து நிற்கும். சில சமயம் ஒன்றுகூட வராது. "இதெல்லாம் எதுக்குப்பா" என்று நீங்கள் கேட்பது எனக்குத் தெரியும். நானும் கேட்டேன், முப்பது வயதுக்கு மேல். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

நான் பத்தாம் வகுப்பு வரை காவேரிப்பட்டினத்தில் படித்தேன். அப்புறம் ஐடிஐ. அதற்குப் பிறகு ஓசூரில் ஒரு கம்பெனி. வண்டிகளுக்கு உள்ளே போகிற ஷாஃப்ட் செய்கிற இடம். ஷாஃப்ட் என்றால் உருண்டையான இரும்புத் தண்டு. அது இருபது மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டும் என்றால், கொஞ்சம் தடியாகத்தான் என் மெஷினுக்கு வரும். சுற்றுகிற கல் சக்கரத்தில் அதைத் தேய்த்துத் தேய்த்து நான் இருபதுக்குக் கொண்டுவர வேண்டும். கொஞ்சம் கூடுதலாக நின்றால் இன்னொரு தேய். ஒரு மயிரிழை அதிகமாகத் தேய்த்துவிட்டால் முடிந்தது கதை. அந்தத் தண்டு சிவப்புப் பெட்டிக்குள் போகும். அதற்குப் பெயர் ஸ்கிராப். அதனால் சேர்ந்த முதல் நாளே எங்களுக்குச் சொல்லித்தருவது, "பிளஸ்லயே நில்லு" என்பதுதான். மைனஸ் என்பது எங்கள் செக்‌ஷனில் கெட்டவார்த்தை மாதிரி.

பக்கத்தில் போரிங் செக்‌ஷன். அவர்கள் ஓட்டையை உள்ளே குடைகிறவர்கள். அவர்களுக்கு எல்லாம் தலைகீழ். ஓட்டை சின்னதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் குடையலாம். பெரிதாகிவிட்டால் ஸ்கிராப். ஆகவே அவர்கள் மைனஸிலேயே நிற்பார்கள். கேன்டீனில் சாம்பார் ஊற்றும்போதுகூட எங்களுக்கும் அவர்களுக்கும் இதே வழக்கு.

செல்போன் வீட்டுக்கு ஒன்று என்று வர ஆரம்பித்திருந்த காலம் அது. எங்கள் வீட்டில் போன் ஒன்று, ஆனால் கடிகாரம் மூன்று என்றுதான் சொல்ல வேண்டும். என் மனைவி பாகலூர் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் வேலை பார்த்தாள். வெயில் படுவதற்குள் பூவை வெட்டிவிட வேண்டும் என்பதால் விடியும் முன்பே வேன் வந்துவிடும். எனக்கு வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். மகள் அப்போதுதான் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். எனக்குக் காலை ஷிப்ட் என்றால் நாங்கள் இருவருமே இருட்டில் கிளம்பிவிடுவோம். கீழ்வீட்டு அக்காதான் குழந்தைக்குத் தலைவாரி ஸ்கூலுக்கு அனுப்புவார். மதியம் திரும்பியதும் நான் படுத்தால், அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் எழுவேன். மதிய ஷிப்ட் என்றால் நான் கிளம்பும்போது அவள் ஸ்கூலில், திரும்பும்போது தூக்கத்தில். ராத்திரி ஷிப்ட் என்றால் பகலில் நான் தூக்கத்தில். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

இப்படி இருக்கும்போது நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். இன்ஸ்பெக்‌ஷன் ரூமுக்கு ஒரு ஆள் தேவை. செய்து முடித்த பாகங்களை அளந்து பார்த்து, சரி, சரியில்லை என்று பிரிக்கிற வேலை. ஜெனரல் ஷிப்ட். காலையில் போய்ச் சாயங்காலம் வந்துவிடலாம், வருஷம் முழுக்க. மெஷினில் நிற்கிற யார் வேண்டுமானாலும் பரீட்சை எழுதலாம். கணக்குப் பரீட்சை.

அந்த இடம் எனக்கு வேண்டும் என்று நினைத்தேன். வேறு எதற்கும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதாக ஞாபகம் இல்லை.

என்னென்ன படிக்க வேண்டும் என்றும் அதில் போட்டிருந்தது. பின்னம், தசமம், கோணம், சாதாரணச் சமன்பாடு. இதெல்லாம் ஒருமாதிரி வரும். கடைசியாக மட்டு மதிப்புச் சமன்பாடு. இது நான் கேள்வியே படாதது. போரிங் செக்‌ஷனில் எனக்கு ஒரு சிநேகிதன். ஆனேக்கல் பக்கம், வீட்டில் கன்னடம், தினமும் பைக்கில் எல்லை தாண்டி வருவான். சிநேகிதர்களை அந்தப் பக்கத்து வழக்கப்படி 'குரு' என்றுதான் கூப்பிடுவான். அவனும் பரீட்சைக்குப் பேர் கொடுத்திருந்தான்.

"ஏம்ப்பா, இந்த ரெண்டு குச்சி என்னாது?" என்று அவனிடம் கேட்டேன்.

"ஒரு குச்சி உங்க செக்‌ஷன், இன்னொண்ணு எங்க செக்‌ஷன் குரு. நடுவுல மாட்டிக்கிட்டது x."

அவனுக்கும் தெரியாது என்பது புரிந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் காட்டினேன். அவள் பத்தாவது வரை தெலுங்கு மீடியம், அப்புறம் பிளஸ் டூ தமிழில், கணக்கு எடுத்துப் படித்தவள். காகிதத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இதுக்கா இந்த மூஞ்சி?" என்றாள். அந்த ஞாயிற்றுக்கிழமை தரையில் முறத்தை வைத்துக்கொண்டு, ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டே பாடம் ஆரம்பமானது. பிதுக்குகிற வேலையில் பாதி எனக்கு.

"ஏங்க, போன மாசம் கேஸ் சிலிண்டர் எங்கே போயி இறங்குச்சு?"

நாங்கள் இருந்தது புது லேஅவுட். கதவு எண் எதுவும் கிடையாது. கேஸ் ஆபீசில் நான், 'தண்ணி டேங்குல இருந்து அஞ்சாவது வீடு' என்று எழுதிக் கொடுத்திருந்தேன். சிலிண்டர் டேங்குக்கு அந்தப் பக்கம் அஞ்சாவது வீட்டில் இறங்கிவிட்டது. அங்கே இருந்தவர்கள் சந்தோஷமாக வாங்கி உள்ளே வைத்துக்கொண்டார்கள்.

"அந்தாளு தப்பான வீட்டுக்குப் போயிட்டான்" என்றேன்.

"தப்பா? அது டேங்குல இருந்து எத்தனாவது வீடு?"

"அஞ்சாவது."

"நம்ம வீடு?"

"அதுவும் அஞ்சாவதுதான்."

"அவ்வளவுதாங்க பாடம். அந்தக் குச்சி ரெண்டும் எவ்வளவு தூரம்னு மட்டும்தான் கேக்கும். எந்தப் பக்கம்னு கேக்காது. அப்போ நாமதான் ரெண்டு பக்கமும் போயிப் பாக்கணும்."

மகளின் சாக்பீஸை வாங்கித் தரையில் ஒரு கோடு போட்டாள். நடுவில் பூஜ்யம். அதுதான் டேங்க். வலப்பக்கம் ஒன்று, இரண்டு, மூன்று. இடப்பக்கம் மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு. |x| = 5 என்றால் டேங்கிலிருந்து ஐந்து தூரத்தில் இருக்கிறவர் யார் என்று கேள்வி. வலப்பக்கம் 5, இடப்பக்கம் −5. இரண்டு பேரும்தான்.

அடுத்து |x − 3| = 5. "டேங்கைப் பேத்தெடுத்து மூணுல வெச்சிட்டாங்க, இப்ப சொல்லுங்க" என்றாள். மூன்றிலிருந்து அந்தப் பக்கம் ஐந்து நடந்தால் 8. இந்தப் பக்கம் ஐந்து நடந்தால் மைனஸ் 2.

"மைனஸ் ரெண்டு வேணாம். எட்டு போதும்" என்றேன். நிஜமாகவே எனக்கு அது உறுத்தியது.

ஒரு அவரைத்தோல் என் மேல் வந்து விழுந்தது. கோபம் வந்தால் அவள் பேச்சில் தெலுங்கு வந்துவிடும். "ஏமண்டி, செப்பேதி வினண்டி" என்றாள், சொல்வதைக் கேளுங்கள் என்று. "இது உங்க மெஷின் இல்ல. இங்க மைனஸுக்கும் சோறு உண்டு."

மகள் கோட்டின் மேல் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, அப்பா எந்தக் கிளாஸ்?" என்று கேட்டாள்.

"உன்ன விட ஒரு கிளாஸ் கம்மி" என்றாள் இவள்.

கோடு போடாமல் செய்கிற முறையையும் சொல்லித்தந்தாள். குச்சியை எடுத்துவிட்டு இரண்டு சமன்பாடாகப் பிரித்து எழுத வேண்டும். |2x − 1| = 7 என்றால், ஒன்று 2x − 1 = 7, இன்னொன்று 2x − 1 = −7. முதலாவதில் 2x என்பது 8, x என்பது 4. இரண்டாவதில் 2x என்பது −6, x என்பது −3. முடிந்தது.

உடனே எனக்குத் தைரியம் வந்துவிட்டது. "வேற குடு" என்றேன். |x + 4| = −2 என்று எழுதிக் கொடுத்தாள். நான் மளமளவென்று பிரித்து, −6 ஒன்று, −2 ஒன்று என்று எழுதி நீட்டினேன்.

அவள் அதைப் பார்த்துவிட்டு நிதானமாக, "நாளைக்கு பஸ்ல ஏறி, மைனஸ் ரெண்டு கிலோமீட்டருக்கு ஒரு டிக்கெட் குடுங்கன்னு கண்டக்டர்கிட்ட கேட்டுப் பாருங்க" என்றாள்.

யோசித்தேன். தூரம் எப்படி மைனஸ் ஆகும்? "அப்போ விடையே இல்லையா?"

"இல்ல. இல்லன்னு எழுதறதும் விடைதான். ஆனா எது வந்தாலும் அதைத் திருப்பி மேலே x இருந்த இடத்துல போட்டுப் பாருங்க. ரெண்டு பக்கமும் சமமா வந்தாத்தான் வெச்சுக்கணும்."

இது ஒன்றுதான் எனக்குச் சிரமமில்லாமல் பிடிபட்டது. நாங்கள் ஷாஃப்டைத் தேய்த்து முடித்ததும் ஒரு இரும்பு வளையத்துக்குள் விட்டுப் பார்ப்போம். கேஜ் என்று பேர். தடிமன் சரியாக இருந்தால் உள்ளே போகும், கொஞ்சம் கூடுதலாக நின்றாலும் போகாது. விடையைச் சமன்பாட்டுக்குள் விட்டுப் பார்ப்பதும் அதுவேதான்.

பரீட்சை ஒரு சனிக்கிழமை மதியம் கேன்டீனில் நடந்தது. எல்லாக் கேள்வியும் ஓரளவு போட்டுவிட்டேன். கடைசிக் கேள்வி இது: ஒரு பாகத்தின் விட்டம் x மில்லிமீட்டர். |x − 20| = 0.05. x காண்க.

இருபதிலிருந்து ஐம்பது மைக்ரான், அதாவது அந்த 0.05 மில்லிமீட்டர், தள்ளி நிற்கிற பாகம் எது என்று கேட்கிறார்கள். அவரைத்தோல் ஞாபகத்தில் இருந்தது. இரண்டாகப் பிரித்தேன். 20.05 என்று எழுதினேன். 19.95 என்றும் எழுதினேன். எழுதியதைப் பார்த்தேன். இருபது மில்லிமீட்டர் ஷாஃப்ட், பத்தொன்பது தொண்ணூற்றைந்தில் நிற்கிறது. இத்தனை வருஷம் அப்படி ஒன்றை நான் விடை என்று யாரிடமும் நீட்டியதில்லை. யாரும் சொல்லாமலே கை போய் அதன் மேல் ஒரு கோடு போட்டது. பக்கத்தில் 'ஸ்கிராப்' என்றும் எழுதிவிட்டு, பேப்பரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துப் பரீட்சை எழுதின எல்லாரையும் மறுபடி கேன்டீனுக்குக் கூப்பிட்டார்கள். பரீட்சை வைத்தவர் டிரெயினிங் ஆபீசர். இன்ஜினியரிங் படித்துவிட்டுத் திருநெல்வேலிப் பக்கமிருந்து புதிதாக வந்திருந்த பெண். எங்களை எல்லாம் 'அண்ணே' என்பார், நாங்கள் 'மேடம்' என்போம். அன்றைக்கு அவர் முகம் சரியில்லை. மேசைமேல் பேப்பர்களை இரண்டு கட்டாக வைத்திருந்தார்.

"கடைசிக் கேள்விக்கு ரெண்டு விடைண்ணே. இந்தக் கட்டுல அத்தன பேரும் 20.05 மட்டும் எழுதியிருக்கீங்க. எல்லாரும் கிரைண்டிங். இந்தக் கட்டுல அத்தன பேரும் 19.95 மட்டும். எல்லாரும் போரிங். எப்படிண்ணே இது? பக்கத்துல பாத்து எழுதினீங்களா?"

இரண்டு கட்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார்.

"அப்படின்னா இந்தப் பரீட்சையையே ரத்து பண்ணிட்டு வெளியில இருந்து ஆள் எடுத்துருவாங்க. நான் மேலே என்ன சொல்லணும்னு நீங்களே சொல்லுங்க."

என் ஜெனரல் ஷிப்ட் அந்த மேசையிலேயே நழுவிப் போவது மாதிரி இருந்தது.

என் சிநேகிதன்தான் முதலில் வாயைத் திறந்தான். "மேடம், நாங்க எதை வேணா பண்ணுவோம். கிரைண்டிங்காரங்களப் பாத்து எழுதற அளவுக்கு மட்டும் இன்னும் கெட்டுப்போகல."

"ஓட்டை போடறவன் பேச்ச நம்பாதீங்க மேடம்" என்றார் எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர்.

சிரிப்பு வந்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. எழுந்து நின்றேன். "மேடம், யாரும் பாத்து எழுதல. எங்களுக்கு மைனஸ் எழுதக் கை வராது. அவங்களுக்கு பிளஸ் எழுதக் கை வராது. என் பேப்பரப் பாருங்க."

தேடி எடுத்துப் பார்த்தார். கோடு போட்டு அடித்த 19.95. பக்கத்தில் 'ஸ்கிராப்'. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறார் என்று தோள் குலுங்குவதிலிருந்து தெரிந்தது. அப்புறம் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"சரிண்ணே, நம்புறேன். ஆனா விடை தப்புதான். நல்ல பாகம் எதுன்னு நான் கேக்கவே இல்ல. இருபதுல இருந்து அம்பது மைக்ரான் விலகி நிக்கது எதுன்னுதான் கேட்டேன். இன்ஸ்பெக்‌ஷன் மேசைக்குக் கிரைண்டிங்ல இருந்தும் வரும், போரிங்ல இருந்தும் வரும். பிளஸ்லயும் வரும், மைனஸ்லயும் வரும். ஒரு பக்கத்தைப் பாக்கவே மாட்டேன்னு சொல்றவர அங்க எப்படி உக்கார வைக்க?"

அவர் கேட்டது நியாயம்தான். மைனஸில் ஒரு ஷாஃப்ட் வந்தால், வந்திருக்கிறது என்று முதலில் எழுத வேண்டும். சிவப்புப் பெட்டியெல்லாம் அதற்கு அப்புறம்.

மறுநாள் எல்லாருக்கும் மறுபடி ஒரு பரீட்சை. ஒரே ஒரு கேள்வி, போர்டில். ஒரு கிரைண்டிங், ஒரு போரிங் என்று மாற்றி மாற்றி உட்கார வைத்தார். கேள்வி இதுதான்: |x − 2| = 2x − 7.

வலப்பக்கமும் x இருக்கிறதே என்று கொஞ்சம் திகைத்தேன். ஆனாலும் முறை அதே முறைதான். குச்சியை எடுத்து இரண்டாகப் பிரித்தேன். முதலாவது, x − 2 = 2x − 7. x-ஐ ஒரு பக்கம் தள்ளினால் x = 5. இரண்டாவது, x − 2 = −(2x − 7). அதாவது x − 2 = −2x + 7. 3x என்பது 9, x = 3. இரண்டு விடை. இரண்டும் பிளஸ் வேறு. நிம்மதியாக இருந்தது.

என் சிநேகிதன் அதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் எனக்கு இரண்டு விரலைக் காட்டிவிட்டுப் போனான். எல்லாரும் அன்றைக்கு இரண்டு விடைதான் எழுதிக்கொண்டிருந்தார்கள். நேற்று வாங்கினது போதாதா?

நானும் எழுந்திருக்கப் போனேன். அப்போதுதான் கேஜில் விட்டுப் பார்க்கவில்லையே என்று ஞாபகம் வந்தது. மறுபடி உட்கார்ந்தேன். x இருக்கிற இடத்தில் 5 போட்டேன். இடப்பக்கம் 3. வலப்பக்கம் பத்தில் ஏழு போனால் 3. சரி. அடுத்து 3 போட்டேன். இடப்பக்கம் 1. வலப்பக்கம் ஆறில் ஏழு போனால் மைனஸ் 1.

இன்னொரு தடவை போட்டேன். அதேதான் வந்தது. ஒன்றும் மைனஸ் ஒன்றும் சமம் இல்லை.

நேற்றுதான் ஒன்றை அடித்ததற்குப் பேச்சு வாங்கியிருக்கிறேன். இன்றைக்கும் அடிப்பதா? கேன்டீன் ஜன்னல் வழியாக வெளியே நிற்கிற கம்பெனி பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன். சனிக்கிழமை நான் அடித்த 19.95-ஐச் சமன்பாட்டுக்குள் விட்டுப் பார்த்திருந்தால் அது அழகாகப் பொருந்தியிருக்கும். எனக்குப் பிடிக்கவில்லை என்று அடித்தேன். இன்றைக்கு இந்த 3 எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் உள்ளே போகவில்லை.

இரண்டையும் அப்படியே வைத்து, கீழே சரிபார்த்த வரிகளை எழுதினேன். பிறகு 3-ஐ அடித்துவிட்டு, 'பொருந்தவில்லை' என்று எழுதிக் கொடுத்தேன்.

மேடம் அங்கேயே உட்கார்ந்து திருத்தி, போர்டில் கணக்கைப் போட்டுக் காட்டினார். விடை 5 மட்டும்தான் என்றதும் என் சிநேகிதனால் பொறுக்க முடியவில்லை.

"என்ன மேடம் இது. நேத்து ஒண்ணு எழுதினா தப்புன்னீங்க. இன்னிக்கு ரெண்டு எழுதினா தப்புங்கறீங்க. நாளைக்கு எழுதவே இல்லன்னா கரெக்டா?"

"கேள்வியப் பொறுத்துண்ணே" என்றார் அவர். "அப்படியும் ஒரு கணக்கு இருக்கு. அன்னைக்கு அளக்காமலே தள்ளுனீங்க. இன்னிக்கு அளக்காமலே சேத்துக்கிட்டீங்க."

3-ஐ அடித்தவர்கள் மூன்று பேர் இருந்தோம். இருந்தது ஒரே இடம். முந்தின பரீட்சை மார்க்கையும் சேர்த்துப் பார்த்தார்கள். அதில் நான் 19.95-ஐ எழுதிவிட்டு அடித்திருந்தேன் இல்லையா, எழுதினதற்காக மேடம் அரை மார்க் போட்டிருந்தார். மற்றபடி மூன்று பேரும் சமம், அந்த இருவருக்கும் இது மட்டும் இல்லை. அந்த அரை மார்க்கில் இடம் எனக்கு வந்தது.

சிநேகிதன் வந்து முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். "போ குரு. எனக்கு ஜெனரல் ஷிப்ட் வந்தா எங்கம்மா தினம் சாயங்காலம் களி கிண்டச் சொல்லும். நல்லதாப் போச்சு. எங்க செக்‌ஷன் பாகம் வந்தா மட்டும் பாத்துப் பண்ணு."

"ரெண்டு பக்கமும் பாத்துத்தான் பண்ணுவேன்" என்றேன்.

ஜெனரல் ஷிப்டின் முதல் நாள், வெளிச்சம் இருக்கும்போதே கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்தேன். தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். வேலை நாளில் அந்த நேரத்தில் எங்கள் தெரு அப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது.

மகள் ஸ்லேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் சட்டையை மாற்றிக்கொண்டு பாயில் சாய்ந்ததும் மெதுவாக எழுந்தாள். நுனிக்காலில் நடந்து அடுப்படிக்குப் போய், "அம்மா, அப்பா இருக்காரு" என்று ரகசியமாகச் சொன்னாள். ஞாயிறு தவிர மற்ற நாள் பகலில் அப்பா வீட்டில் இருந்தால் சத்தம் போடக்கூடாது என்றுதான் அவள் பழகியிருந்தாள்.

"அப்பா தூங்கல. முழிச்சிட்டுத்தான் இருக்காரு. நீ நல்லாவே பேசலாம்" என்றாள் இவள்.

மகள் நம்பவில்லை. வாசற்படியில் நின்று என்னையே பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துவந்து, என் கால்மாட்டில் வேண்டுமென்றே தொப்பென்று போட்டாள். தட்டு சுழன்று சுழன்று சத்தம் போட்டு அடங்கியது. நான் திட்டவில்லை. இன்னொரு தடவை போட்டாள். அப்புறம் ஸ்கூலில் யார் யாரைக் கிள்ளியது, யார் டப்பாவில் என்ன கொண்டுவந்தது என்று ஆரம்பித்தாள். வரவரக் குரல் ஏறிக்கொண்டே போனது. சாப்பிட உட்கார்ந்தும் நிற்கவில்லை.

கீழ்வீட்டு அக்கா படிக்கட்டில் நின்று, "என்னாம்மா ஒரே சத்தம், என்னா ஆச்சு?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லீங்கக்கா" என்றாள் என் மனைவி, எனக்குச் சோறு போட்டுக்கொண்டே. "அவரு வீட்டுல இருக்காரு."